விலைப்பட்டியலின் கீழ்ப்பாதி

வரிசை நிற்கும் காருக்கு ஷோரூமில் யாரும் பத்தாயிரம் குறைக்க மாட்டார்கள். எர்டிகா சி.என்.ஜி., இன்னோவா ஹைகிராஸ், தார் எதுவானாலும் நிலைமை இதுதான். நீங்கள் எழுந்து போனால் அட்வான்ஸ் கட்ட அடுத்த ஆள் காத்திருக்கிறார் என்பது எதிரே உட்கார்ந்திருக்கும் பையனுக்கு நன்றாகத் தெரியும். அப்படியிருந்தும், அதே மாடலை அதே மாதம் வாங்கிய இரண்டு குடும்பங்கள் கடைசியில் கட்டி முடிக்கும் பணத்தில் லட்ச ரூபாய்க்கு மேல் வித்தியாசம் வருவதைப் பார்த்திருக்கிறேன். அந்த வித்தியாசம் முழுவதும் கொட்டேஷன் தாளில் விலைக்குக் கீழே வரும் வரிகளிலும் கடன் பத்திரத்திலும்தான் உண்டாகிறது.

நான் கோலார் தங்கவயலின் (கே.ஜி.எஃப்.) ஊரிகத்தில், சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்தவள். அப்பா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இறங்கியவர். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி பாரத் கோல்டு மைன்ஸ் மூடிய பிறகு, எங்கள் பக்கத்துப் பிள்ளைகளில் பாதிப்பேருக்குப் பெங்களூர்தான் பிழைப்பு என்றாகிவிட்டது. மாரிக்குப்பத்திலிருந்து வரும் காலை வண்டியை ஊரிகம் ஸ்டேஷனில் பிடித்துப் போய், ஒரு கார் ஷோரூமின் ஃபைனான்ஸ் மேசையில் பல வருடம் உட்கார்ந்திருந்தேன். இப்போது அந்த வேலையில் இல்லை. ஆனால் கொட்டேஷன் தாளை மடித்து எடுத்துக்கொண்டு அக்கம்பக்கத்தார் வீட்டுக்கே வருகிறார்கள். ஆண்டர்சன்பேட்டையிலிருந்தும் வருகிறார்கள், கோரமண்டலிலிருந்தும் வருகிறார்கள்.

கார் எங்களுக்கு ஏன் இவ்வளவு பெரிய காரியம் என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். பெரிய வைத்தியம் என்றால் கோலார், இல்லாவிட்டால் வேலூர், பெங்களூர். கல்யாணம் காதுகுத்து எல்லாம் குடியாத்தம், ஆம்பூர், கிருஷ்ணகிரி. வருடத்துக்கு ஒருமுறை வேளாங்கண்ணி. ஒவ்வொன்றுக்கும் வாடகை வண்டி பேசிப் பேசி அலுத்தவர்கள் நாங்கள். பெங்களூரு – சென்னை விரைவுச்சாலையின் கர்நாடகப் பகுதியில் பேத்தமங்கலம் பக்கம் வரை 2024 டிசம்பரில் வண்டிகள் ஓடத் தொடங்கியதும், ஏழு பேர் உட்காரும் வண்டி வேண்டும் என்ற பேச்சு எங்கள் லைனில் இன்னும் பலமாகிவிட்டது.

காருக்கு வரிசை நிற்பது நம் நாட்டுக்குப் புதிதல்ல. 1959-லேயே கார் விற்பனையையும் விநியோகத்தையும் கட்டுப்படுத்த அரசு ஆணை போட்டது. அம்பாசிடர், ஃபியட், சென்னையில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகிய மூன்றின் விலையை யார், எப்படி நிர்ணயிப்பது என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1971-ல் தீர்ப்பு வந்தது. 1983-ல் மாருதி 800-க்குப் பதிவு திறந்தபோது பத்தாயிரம் ரூபாய் கட்டி லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் பெயர் கொடுத்தார்கள். அந்த டிசம்பர் 14-ஆம் தேதி முதல் சாவியை ஹர்பால் சிங் என்பவருக்கு இந்திரா காந்தி கொடுத்தார். அன்று தட்டுப்பாட்டின் விலை வெளிச்சந்தையில் பிரீமியமாகத் தெரிந்தது. இன்று அது ஷோரூமுக்குள்ளேயே காப்பீடு, ஆக்சஸரீஸ், வட்டி என்று பிரிந்து உட்கார்ந்திருக்கிறது. 2022 ஜூலை 30-ஆம் தேதி மகிந்திரா ஸ்கார்ப்பியோ-என் காருக்கு அரை மணி நேரத்தில் ஒரு லட்சம் பதிவுகள் வந்தன. அறிமுக விலை முதல் 25,000 பேருக்கு மட்டும்தான். பக்கத்திலேயே பிடதியில் செய்யும் ஹைகிராஸுக்கும் இதே கதை. அதன் உயர்ந்த ரகங்களுக்கு 2023 ஏப்ரலில் டொயோட்டா பதிவையே நிறுத்தியது. ஒரு வருடம் கழித்துத் திறந்து, சில வாரங்களில் மறுபடி நிறுத்தியது.

எங்கள் லைனில் பி.இ.எம்.எல். தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மாமா ஒருவர் இருக்கிறார். எர்டிகா வேண்டும் என்று போய் வந்தவர், தாளை என் கையில் கொடுத்தார்.

“இன்னாம்மா, மாசம் பதிமூணாயிரத்துக்குள்ள முடிச்சிரலாம்னு சொல்றான். பரவால்லதானே?”

“எத்தினி மாசத்துக்கு மாமா?”

தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். 84 மாதம் என்று மூலையில் சின்னதாக எழுதியிருந்தது.

எட்டு லட்சம் கடன், 9 சதவீத வட்டி, ஏழு வருடம். மாதத் தவணை 12,871 ரூபாய். மொத்தம் கட்டுவது ஏறக்குறைய 10 லட்சத்து 81 ஆயிரம். அதே கடனை ஐந்து வருடத்தில் கட்டினால் தவணை 16,607. மொத்தம் 9 லட்சத்து 96 ஆயிரம். மாதத்துக்கு 3,700 ரூபாய் கூடுதலாகக் கட்ட முடிந்தால் 85 ஆயிரம் மிச்சம். வட்டி விகிதம் ஒன்றுதான், வங்கியும் ஒன்றுதான். பேரம் பேச வருபவரிடம் விற்பனையாளர் முதலில் “மாசம் எவ்வளவு கட்ட முடியும்?” என்று கேட்பது இதனால்தான். அந்தக் கேள்விக்குப் பதில் சொன்ன நிமிடத்திலிருந்து விலை, வட்டி, காலம் மூன்றையும் அவர் தன் விருப்பப்படி நகர்த்தி, நீங்கள் சொன்ன எண்ணுக்குள் கொண்டுவந்து நிறுத்திவிடுவார். மாமாவிடம் நான் சொன்னது ஒன்றுதான்: மாதத் தொகையை ஷோரூமில் வாய் திறந்து சொல்லாதீர்கள். கடன் வேறு பேச்சு, கார் வேறு பேச்சு.

அடுத்தது, வட்டியை எந்த முறையில் சொல்கிறார்கள் என்பது. சில ஃபைனான்ஸ் கம்பெனிகள் “ஆறரை பெர்சென்ட்தான்” என்பார்கள். அது ஃபிளாட் வட்டியாக இருக்கும். எட்டு லட்சத்துக்கு 6.5 சதவீதம் ஃபிளாட் என்றால், நீங்கள் அசலைக் கட்டிக் குறைத்துக்கொண்டே வந்தாலும் ஐந்து வருடமும் முழு எட்டு லட்சத்துக்கே வட்டி போடுகிறார்கள். 2 லட்சத்து 60 ஆயிரம் வட்டி, மாதம் 17,667. குறையும் அசலுக்கு வட்டி போடும் வங்கி முறையில் இதைக் கணக்கிட்டால் 11.7 சதவீதம் அளவுக்கு வரும். ஆறரை என்ற எண்ணைக் கேட்டு 9 சதவீத வங்கியை விட்டுவிட்டு வந்தவர்களை என் மேசையில் பார்க்கும்போதெல்லாம் மனசு பதறும்.

இதற்கு இப்போது சட்டமே ஒரு வழி வைத்திருக்கிறது. ரிசர்வ் வங்கியின் உத்தரவுப்படி 2024 அக்டோபர் 1 முதல் புதிய தனிநபர் கடன்களுக்கு முக்கிய விவர அறிக்கை என்ற தாளைக் கொடுத்தாக வேண்டும். கையெழுத்துக்கு முன்னால் கொடுக்க வேண்டும், நமக்குப் புரியும் மொழியில் கொடுக்க வேண்டும். வட்டி, நடைமுறைக் கட்டணம், கடனோடு சேர்த்துத் தலையில் கட்டும் காப்பீடு எல்லாவற்றையும் சேர்த்து ஆண்டுக்கு உண்மையில் எத்தனை சதவீதம் ஆகிறது என்று அதில் ஒரே எண்ணாக இருக்கும். இரண்டு இடத்துக் கடனை ஒப்பிட அந்த எண் போதும். கேட்டால் கொடுப்பார்கள். நம் ஆட்கள் கேட்பதில்லை, அதுதான் வருத்தம்.

கடனுக்கு முதலில் போக வேண்டிய இடம் உங்கள் சம்பளக் கணக்கோ ஓய்வூதியக் கணக்கோ இருக்கும் வங்கி. ராபர்ட்சன்பேட்டைக் கிளைக்குப் போய், கார் இன்னும் முடிவாகவில்லை, எவ்வளவு வரை அனுமதிப்பீர்கள் என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். அதற்கு முன் உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையைப் பாருங்கள். ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் வருடத்துக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். கட்டி முடித்த பழைய பைக் கடன் இன்னும் பாக்கி என்று அதில் நிற்பது சாதாரணம். எங்கள் ஊருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. கடன் விண்ணப்பத்தில் “சொந்த வீடா, வாடகையா?” என்று ஒரு கட்டம் இருக்கும். பத்திரம் கையில் இல்லாத லைன் வீட்டில் தலைமுறையாக இருப்பவர்கள் அங்கே பேனாவோடு நின்றுவிடுகிறார்கள். சொந்தம் என்று எழுதிவிட்டுப் பத்திரம் கேட்கும்போது திணற வேண்டாம். குவார்ட்டர்ஸ் என்று உள்ளதை எழுதி, ஆதார், வாக்காளர் அட்டை, மின்கட்டண ரசீது, வருமானச் சான்று ஆகியவற்றைப் பலமாக வையுங்கள். நிலையான சம்பளம் வாங்கும் மகனையோ மகளையோ இணைக் கடன்தாரராகச் சேர்த்தால் விகிதம் குறைய வாய்ப்புண்டு. எட்டு லட்சத்துக்கு ஐந்து வருடத்தில் 9 சதவீதத்துக்கும் 10.5 சதவீதத்துக்கும் நடுவே மட்டுமே 35 ஆயிரம் ரூபாய் இருக்கிறது.

முன்பணத்துக்காக நகையை அடகு வைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்த வட்டியையும் காரின் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். கார் தவணையும் அடகு வட்டியும் ஒன்றாக ஓடும் முதல் வருடத்தில்தான் குடும்பங்கள் மூச்சுத் திணறுகின்றன. இன்னும் ஆறு மாதம் சேர்த்து வாங்குவது அவமானம் இல்லை.

இனி அந்தக் கொட்டேஷன். எக்ஸ்-ஷோரூம் விலையில் ஜி.எஸ்.டி. அடக்கம். 2025 செப்டம்பர் 22 முதல் சின்னப் பெட்ரோல் கார்களுக்கு 18 சதவீதம், எர்டிகா போலப் பெரியவற்றுக்கு 40 சதவீதம். அதில் பேரம் இல்லை. அடுத்த வரி சாலை வரி. கர்நாடகத்தில் இது ஆயுள் வரி, நாட்டிலேயே மிக அதிகமானவற்றில் ஒன்று. ஐந்து முதல் பத்து லட்சம் வரை 14 சதவீதம், பத்து முதல் இருபது வரை 17. அந்த வரியின் மேல் 11 சதவீத செஸ். சேர்த்தால் 15.54, 18.87 என்று வரும். இதிலும் பேரம் இல்லை என்றாலும் தேர்வு இருக்கிறது. 9 லட்சத்து 95 ஆயிரம் ரூபாய் ரகத்துக்கு வரி 1 லட்சத்து 54 ஆயிரத்துச் சொச்சம். 10 லட்சத்து 10 ஆயிரம் ரூபாய் ரகத்துக்கு 1 லட்சத்து 90 ஆயிரத்துச் சொச்சம். விலையில் பதினைந்தாயிரம் ஏறியதற்கு வரியில் 36 ஆயிரம் ஏறுகிறது. பெரிய திரை, அலாய் சக்கரம் என்று அடுத்த ரகத்துக்கு உங்களை நகர்த்தும்போது இதை யாரும் சொல்ல மாட்டார்கள். பத்து லட்சத்தைத் தாண்டினால் 1 சதவீதம் டி.சி.எஸ். பிடிப்பார்கள். அது உங்கள் வருமான வரிக் கணக்கில் வரவாக நிற்கும். கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறுங்கள்.

“கிருஷ்ணகிரியில அத்தை வீட்டு அட்ரஸ்ல டி.என். நம்பர் வாங்கிட்டா?” என்று எங்கள் ஊரில் எல்லோரும் கேட்பார்கள். 2023 நவம்பரில் தமிழ்நாடும் வரியை ஏற்றிவிட்டது. பத்து முதல் இருபது லட்சத்துக்கு அங்கே 18 சதவீதம், அதற்கு மேல் 20. பெரிதாக எதுவும் மிஞ்சாது. அதற்கு மேல், ஒரு மாநில வண்டியை வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆம் பிரிவு சொல்கிறது. பெங்களூரில் வாங்கினாலும் நம் முகவரிக்கு நம் கே.ஜி.எஃப். அலுவலகத்தின் கேஏ-08 எண்ணையே கேளுங்கள்.

காப்பீட்டு வரியில்தான் நிஜமான பேரம் தொடங்குகிறது. புதுக் காருக்கு மூன்று வருட மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். அதன் தொகை அரசு நிர்ணயித்தது. 1000 முதல் 1500 சி.சி. வரை 10,640 ரூபாய், யாரிடம் எடுத்தாலும் அதேதான். மாறுவது சொந்தச் சேதத்துக்கான பகுதி. ஷோரூம் ஒரு தொகை போட்டிருக்கும். அதே கார், அதே காப்பீட்டு மதிப்பு, அதே ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காத) வசதி என்று வெளியில் இரண்டு கம்பெனிகளிடம் விலை கேளுங்கள். பல ஆயிரம் வித்தியாசம் வரும். எங்களிடம்தான் எடுக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்த அவர்களுக்கு உரிமை கிடையாது. நான் பார்த்தவரை, வெளி விலையை எழுத்தில் நீட்டினால் பத்தில் ஏழெட்டு முறை ஷோரூமே அந்த விலைக்கு இறங்கி வரும். கார் விலையில் குறைக்க முடியாது என்று கைவிரித்த அதே மேலாளர்தான் இங்கே இறங்குவார், ஏனென்றால் இது அவர் கையில் இருக்கும் லாபம்.

ஆக்சஸரீஸும் அப்படித்தான். தேவை உச்சத்தில் இருக்கும்போது “முப்பதாயிரத்துக்குப் பேக்கேஜ் எடுத்தால் வண்டி சீக்கிரம்” என்பார்கள். ஒரு பொருளை விற்க இன்னொன்றை வாங்கியே ஆக வேண்டும் என்று நிபந்தனை போடுவதை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(41) பிரிவு கட்டுப்படுத்தும் வணிகமுறை என்றே சொல்கிறது. ஒப்புக்கொண்ட காலத்தைத் தாண்டித் தாமதித்து அதனால் விலை ஏறச் செய்வதும் அதே பிரிவில்தான் வருகிறது. இதைச் சண்டையாகச் சொல்ல வேண்டாம். “பேக்கேஜ் கட்டாயம் என்றால் லெட்டர்ஹெட்டில் எழுதிக் கொடுங்கள்” என்று கேட்டால் போதும், யாரும் எழுதித் தர மாட்டார்கள். ஹேண்ட்லிங், லாஜிஸ்டிக்ஸ் என்று ஐந்தாயிரம், எட்டாயிரம் போட்டிருந்தால் அது எதற்கு என்று கேளுங்கள். காரை ஷோரூமுக்குக் கொண்டுவரும் செலவு விலையிலேயே அடக்கம். பேச்சு முற்றினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது, கோலாரில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது.

பழைய காரை மாற்றிக் கொடுப்பவர்கள் அதன் விலையைக் கடைசியில் பேசுங்கள். வெளியில் ஒரு விலை கேட்டு வைத்துக்கொண்டு பேசுங்கள்.

பதிவுப் படிவத்தை வீட்டுக்கு எடுத்துவந்து படியுங்கள். பெரும்பாலும் டெலிவரி நாளில் உள்ள விலையே செல்லும் என்று அதில் இருக்கும். ஜனவரியிலும் ஏப்ரலிலும் கம்பெனிகள் விலை ஏற்றுவது வழக்கம் என்பதால், ஆறு மாதம் காத்திருப்பவர் பதிவு செய்த விலையில் கார் வாங்குவதில்லை. ரத்து செய்தால் எவ்வளவு பிடிப்பார்கள், எத்தனை நாளில் திருப்புவார்கள் என்பதும் அதில் இருக்கிறது. பணத்தை ஷோரூமின் வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள். விற்பனைப் பையன் எவ்வளவு நல்லவனானாலும் அவன் கைபேசி எண்ணுக்கு அனுப்பாதீர்கள்.

ஃபைனான்ஸ் மேசையில் இருந்ததால் தெரிந்த ஒரு விஷயத்தை இங்கே சொல்லியே ஆக வேண்டும். வரிசை நிற்கும் காரும் மாதக் கடைசியில் சில சமயம் ஆளில்லாமல் நிற்கும். பெயர் போட்டு வண்டி வந்திருக்கும், அந்த வாடிக்கையாளரின் கடன் நிராகரிக்கப்பட்டிருக்கும், அல்லது அவர் வேறு காருக்குப் போயிருப்பார். மாத இலக்குக்காக மேலாளர் அன்றே பில் போட விரும்புவார். அப்போது வரிசையில் முதலில் இருப்பவரைக் கூப்பிட்டால் அவர் கடனுக்கு இன்னும் விண்ணப்பிக்கவே இல்லை, அடுத்தவருக்கு வெள்ளைதான் வேண்டும், மூன்றாமவர் நல்ல நாள் பார்க்க வேண்டும் என்பார். வங்கி அனுமதிக் கடிதத்தோடு, நிறம் எதுவானாலும் சரி என்று சொல்லிவைத்திருப்பவருக்குத்தான் அந்த வண்டி போகும். அந்த நாளில் காப்பீட்டிலும் ஆக்சஸரீஸிலும் அவர் கேட்டதும் கிடைக்கும். தட்டுப்பாட்டுக் காலத்தில் வாங்குபவருக்கு இருக்கும் பலம் இதுதான்: தயாராக இருப்பது.

ஒரே ஷோரூமை நம்பியிருக்கவும் வேண்டாம். ஒதுக்கீடு டீலருக்கு டீலர் மாறும். கோலாரிலும் பெங்களூரிலும் கேளுங்கள். ஒரே கார் இரண்டு பெயரில் விற்பதையும் மறக்காதீர்கள். எர்டிகாவின் உடன்பிறப்பு டொயோட்டா ரூமியன். ஹைகிராஸின் உடன்பிறப்பு மாருதி இன்விக்டோ. ஒன்றுக்கு வரிசை நீளமாக இருக்கும்போது இன்னொன்றுக்குக் குறைவாக இருக்கலாம். எப்போதும் அப்படி என்றில்லை, ரூமியன் சி.என்.ஜி.க்கே 2023 செப்டம்பரில் தேவை தாங்காமல் பதிவை நிறுத்தினார்கள்.

மாமா கடைசியில் மகனை இணைக் கடன்தாரராகச் சேர்த்து, தன் வங்கியிலேயே ஐந்து வருடத்துக்கு முடித்தார். காப்பீடு வெளி விலைக்கு வந்தது. மிதியடியும் மண்தடுப்பும் மட்டும் எடுத்தார். சீட் கவரை ராபர்ட்சன்பேட்டையில் தைத்துக்கொண்டார். அவர் கேட்ட நீலம் கிடைக்கவில்லை, சாம்பல் நிறம் கிடைத்தது. பில் போடுவதற்கு முன் வண்டியைப் பகல் வெளிச்சத்தில் சுற்றிப் பார்த்து, சேசிஸ் எண்ணைத் தாளோடு ஒப்பிட்டு, தயாரித்த மாதத்தைக் கேட்டு எழுதிக்கொண்டார். தொழிற்சாலையில் வேலை பார்த்த கண், கதவு இடைவெளியைக்கூட விரலால் தடவிப் பார்த்தது.

கடனை முன்னதாக அடைக்க நினைப்பவர்களுக்கு: 2026 ஜனவரி 1 முதல் அனுமதிக்கப்படும் மாறும் வட்டிக் கடன்களில், தனிநபர் சொந்தத் தேவைக்கு வாங்கியிருந்தால், முன்கூட்டி அடைக்கும் கட்டணம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. நிலையான வட்டிக் கடனுக்கு இது பொருந்தாது. கார் கடன்களில் நிறைய அந்த வகைதான். கையெழுத்துக்கு முன்பே எந்த வகை என்று கேட்டுக்கொள்ளுங்கள். கடைசித் தவணை கட்டியதும் வங்கியிடமிருந்து தடையின்மைச் சான்றும் படிவம் 35-உம் வாங்கி, ஆர்.சி.யில் இருக்கும் அடமானக் குறிப்பை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நீக்குங்கள். அந்தச் சான்று பொதுவாக மூன்று மாதம்தான் செல்லும். எங்கள் பக்கத்தில் பலர் அதைப் பீரோவில் வைத்துவிட்டு, வண்டியை விற்கும் நாளில்தான் தேடுகிறார்கள்.